பல் சொல்லும் பதம்

சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது பேசும். அடுப்பில் ஏற்றிய புதிதில் சளசளவென்று வாயடிக்கும். உள்ளே தண்ணீர் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகப் போகப் போகக் குமிழிகள் சிறுத்து, கனத்து, ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து உடையும். மிட்டாய் செய்வதன் சூட்சுமம் மொத்தமும் இந்தத் தண்ணீரை வெளியே அனுப்புவதில்தான் இருக்கிறது. கொஞ்சம் தங்கிவிட்டால்கூட மிட்டாய் காகிதத்துக்குள் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மேல் விரட்டினால் பாகு சிவந்து கசந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற அவகாசம் ஒரு தும்மல் போடுகிற நேரம்.

அந்த அவகாசத்தைப் பிடிப்பதற்குத்தான் பட்டறையில் பாகுக்காரனை வைத்திருந்தார்கள். அவன் வேலை செய்கிற விதம் இதுதான். கம்பியைப் பாகில் முக்கி, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு உதறுவான். சொட்டு உருண்டு அடியில் போய் உட்காரும். அதை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பான். பல்லில் அப்பினால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. மெழுகு மாதிரி அழுந்தினால் இன்னும் கொஞ்சம் போகவேண்டும். டக்கென்று கண்ணாடி மாதிரி நொறுங்கினால் கை தானாக அடுப்பின் திருகுக்குப் போய்விடும். பிறகு ஓட்டம்தான். பாகை இரும்பு மேசையில் கொட்டி, எலுமிச்சைச் சாரமும் நிறமும் சேர்த்து, மடித்து மடித்துத் திரட்டி, சூடு ஆறுவதற்குள் உருளை இயந்திரத்துக்குக் கொடுக்கவேண்டும். அந்த அவசரத்தில் வாயில் கடித்த துண்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை.

சட்டியின் காதில் ஒரு வெப்பமானி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. முதலாளியம்மா வாங்கிவந்தது. அதன்மேல் அவன் துண்டைக் காயப்போட்டிருப்பான்.

"அது காட்டுற சூடு சரிதான், இல்லேங்கல. ஆனா வெளிய மழை பெய்யுதா வெயில் அடிக்குதான்னு அதுக்குத் தெரியுமா? ஈரக்காத்து அடிக்கிற நாள்ல பாகு இன்னும் ஒரு இழை கூடப் போகணும். அத பல்லுதான் சொல்லும்" என்பான்.

"உன் பல்லுக்கு ஒரு மாலை வாங்கிப் போடறேன்" என்பாள் முதலாளியம்மா. ஆனாலும் அவன் விடுப்பு எடுத்த நாளில் அவள் அடுப்பை ஏற்றியதே இல்லை.

இந்தப் பாகுக்காரனுடைய அக்காவுக்குத்தான் ஈரல் கெட்டுப்போனது.

அக்கா பள்ளிப் பிள்ளைகளின் சீருடை தைப்பவள். வாயில் ஒரு சொட்டு மது பட்டதில்லை. உடம்பைக் காக்கவேண்டிய காவலாளிகளே ஆள் தெரியாமல் ஈரலைத் தாக்குகிற நோய் அவளுக்கு. வருஷக்கணக்காக உள்ளேயே அரித்துவிட்டுக் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளானது. காலில் அழுத்தினால் குழி விழுந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, தையல் அளவுகோலால் முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பாள். இனி வேறு ஈரல்தான் வைக்கவேண்டும் என்று ஈரல் டாக்டர் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற ஒருவரிடமிருந்து பாதியை வெட்டி எடுத்து வைக்கலாம். கொடுத்தவருக்கு மிச்சம் இருப்பது தானாக வளர்ந்துகொள்ளும். மனித உடம்பில் அப்படி வளர்கிற உறுப்பு அது ஒன்றுதான் என்றார்.

அக்கா புருஷனுக்கும் பாகுக்காரனின் மனைவிக்கும் ரத்த வகை சேரவில்லை. அக்கா மகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தம்பிக்கு எல்லாம் சேர்ந்தது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவனுடைய ஈரலில் கொழுப்பு ஏறியிருந்தது.

"இப்படியே வெட்டி வெச்சா அங்க போய் வேலை செய்யாது. இங்க இருக்கிற பாதியும் உங்களுக்குக் கை கொடுக்காது" என்றார் டாக்டர். "இதுக்கு மாத்திரை மருந்தவிட சாப்பாடும் நடையும்தான் பெரிய வைத்தியம். ஒழுங்கா இருந்தா இறங்கிடும். ஆனா சீக்கிரம் இறங்கணும். உங்க அக்காவால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

அவர் 'வெட்டி' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் பாகுக்காரனின் கை வலது விலாவுக்குக் கீழே போய்ப் போய்த் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அதைப் பார்த்தாள். எதிரில் நின்ற அக்கா புருஷன், அவனுடைய மாமா, அவரும் பார்த்தார்.

மருத்துவமனையில் சாப்பாடு சொல்லித்தருவதற்கென்று ஓர் இளம்பெண் இருந்தாள். குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் 'சாப்பாட்டு டாக்டர்' ஆகிவிட்டாள். காலையில் கண் விழித்ததிலிருந்து என்னென்ன வாய்க்குள் போகிறது என்று தோண்டித் துருவிக் கேட்டாள்.

"டீக்கு சர்க்கரை?"

"நாலு வேளைக்கும் உண்டு."

"நிறுத்திடுங்க. மிட்டாய்ப் பட்டறை வேலைன்னு போட்டிருக்கே. மிட்டாய் சாப்பிடுவீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். "மிட்டாயா? அந்த வாசனையிலேயே முங்கிக் கிடக்கிறவன்மா நான். யாராவது சும்மா கொடுத்தாக்கூட வாங்க மாட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. காகிதம் சுற்றிய மிட்டாய் ஒன்றை அவன் பிரித்து வாயில் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

வீட்டில் சட்டம் மாறியது. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு மடிப்பு கோணினாலும் மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்க்கிற ஆள். சாப்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் காலில்தான் சோறு. வெள்ளை ரொட்டி போய்த் தவிட்டோடு அரைத்த ரொட்டி வந்தது. எண்ணெய் குப்பியிலிருந்து ஊற்றிய காலம் போய்க் கரண்டியால் சொட்ட ஆரம்பித்தது. பொரித்தது எதுவும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

"இத மாட்டுக்கு வெச்சா அது என்னை நிமிந்து பாக்கும்" என்று அவன் தட்டைப் பார்த்துச் சொல்வான். ஆனால் மிச்சம் வைக்கமாட்டான்.

வேலைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தவன் நடக்க ஆரம்பித்தான். பேசமுடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது, அந்த வேகத்தில் நடக்கவேண்டும் என்று சாப்பாட்டு டாக்டர் சொல்லியிருந்தாள். முதலில் பேசவும் முடியவில்லை. போகப்போக மேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறினான். பெல்ட்டில் புதிதாகத் துளை போடவேண்டி வந்தது. அந்தத் துளையை அவனே ஆணியைச் சுட்டுப் போட்டுக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தான்.

நடுவில் மழைக்காலம் வந்துவிட்டது. பட்டறைச் சுவர் வியர்த்தது. மூட்டைச் சர்க்கரை கட்டி பிடித்தது. நடையை அவன் விடவில்லை. பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான்.

மறுபடி படம் எடுத்தார்கள். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை. சிலருக்கு மெதுவாகத்தான் இறங்கும், இன்னும் கவனமாக இருங்கள் என்றார். வராந்தாவுக்கு வந்த பிறகு மாமாதான் பொறுக்காமல் வெடித்தார். மாமா பேருந்து ஓட்டுநர். எதிரில் வண்டி வராவிட்டாலும் ஹாரன் அடிக்கிற சுபாவம்.

"நடக்கறாராம், இலை தழையா திங்கறாராம், ஆனா ஈரல் மட்டும் அசையலையாம். டீசல் போடாமலே வண்டி ஓடுதுன்னு எவனாவது சொன்னா நான் நம்பிடணுமா?"

"அண்ணே, என் சமையல்ல கைய விட்டுப் பாருங்க. பிசுக்கு இருந்தா கேளுங்க" என்றாள் பாகுக்காரனின் மனைவி.

"நீ சமைக்கிறத யார் சொன்னா? நீ டாக்டர்கிட்ட தனியாப் போய், வெட்டினா அவருக்கு என்ன ஆகும், செத்துகித்துப் போவாரான்னு கேட்டியே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"கேட்டேன். கட்டிக்கிட்டவ கேக்கமாட்டாளா? உங்கள வெட்டறதா இருந்தா அண்ணி கேட்டிருக்க மாட்டாங்களா?"

"அப்போ கொடுக்க வேண்டாம்னு நினைக்கிற!"

"மாமா, விடுங்க" என்றான் பாகுக்காரன்.

"நான் விட்டுடறேன்டா. அவ உடம்பு விடணுமே." மாமாவின் குரல் ஹாரன் அடைத்தமாதிரி கம்மிப்போயிற்று. அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வேறு பக்கமாகத் தொடங்கினாள்.

"உண்மையச் சொல்லுங்க. வெளிய எங்கயாவது திங்கறீங்களா?"

"சத்தியமா இல்ல."

"பஜ்ஜி, பன்னு, எதுவும்?"

"இல்லடி."

"அப்போ காத்துலேர்ந்தா கொழுப்பு வருது? நான் சண்டை போடமாட்டேன். பயத்துல தின்னுட்டீங்கன்னாக்கூட எனக்குப் புரியும்."

இதுதான் அவனைக் குடைந்தது. பயம் இருந்தது உண்மை. குளிக்கும்போது விலாவுக்குக் கீழே சோப்பு போட்ட கை அங்கேயே நின்றுவிடும். எனக்கே தெரியாமல் என் ஈரல் மாட்டேன் என்கிறதோ? உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ? நடக்கும்போதும் இதே நினைப்பு. நின்றாலும் இதே நினைப்பு. கட்டிலில் படுத்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

யாருக்கும் சொல்லாமல் பட்டினி கிடக்க ஆரம்பித்தான். காலைச் சாப்பாட்டை வழியில் நாய்க்கு வைத்தான். மதியச் சாப்பாட்டைப் பட்டறையில் மூட்டை இறக்குபவருக்குக் கொடுத்தான். ஒருநாள் கொதிக்கிற சட்டியின் முன்னால் கண் இருட்டி, மேசை விளிம்பைப் பிடித்துத் தப்பினான். முதலாளியம்மா அவன் மனைவிக்குச் சொல்ல, மனைவி அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சாப்பாட்டு டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணீங்க!" என்றாள் அந்தப் பெண். "ஈரல் ஒரு குடோன் மாதிரி. வர்ற சரக்க வாங்கி, வேணுங்கற இடத்துக்கு அனுப்பி, மிச்சத்த அடுக்கி வைக்கும். அளவுக்கு மேல வந்தா கொழுப்பா மாத்தித் தன் உள்ளேயே போட்டுக்கும். நீங்க இப்படிப் பட்டினி கிடந்தா, வயித்துல இடுப்புல இருக்கற கொழுப்பெல்லாம் ஒரே நேரத்துல கரைஞ்சு ரத்தத்துல ஏறி நேரா அந்த குடோனுக்குத்தான் போகும். மூட்டைய இறக்கச் சொன்னா புது மூட்டை ஏத்தறீங்க. சாப்பிடுங்க. சரியானதச் சாப்பிடுங்க."

"எல்லாம் சரியாத்தானேம்மா சாப்பிட்டேன். அப்புறம் ஏன் இறங்கல?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கும் அதான் புரியல" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு மழைநாளில் அக்கா பட்டறைக்கு வந்தாள். அவள் அங்கே வந்ததே கிடையாது. ஆட்டோவிலிருந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாசலில் நின்றாள். ஆவிக்குள்ளிருந்து பார்த்தபோது யாரோ வயசானவள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அடையாளம் தெரிந்ததும் ஓடிவந்து, காலி குளுக்கோஸ் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தான்.

"ஏன்க்கா வந்தே? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே."

"வீட்டுக்கு வந்தா நீ அழுவே. இங்கன்னா நாலு பேரு பாப்பாங்க, அழமாட்டே. போ, உன் வேலையப் பாரு. அடுப்புல ஏதோ துள்ளுது."

அவன் சட்டிக்குத் திரும்பினான். பாகு வாயடிப்பதை நிறுத்தி யோசிக்கத் தொடங்கியிருந்தது. கம்பியை முக்கி ஒரு சொட்டு உதறினான்.

"உன் மாமா பேசினத மனசுல வெச்சுக்காதே" என்றாள் அக்கா. "பயத்துல பேசறாரு. வீட்டுல தனியா உக்காந்து ரேடியோவத் திட்டறாரு."

"வெச்சுக்கலக்கா." கடித்தான். அப்பியது.

"உன் பொண்டாட்டி மேலயும் எனக்குக் கோவம் இல்ல. அவ கேட்டது நியாயம். நானா இருந்தா கத்தியே தூக்கியிருப்பேன்."

"ம்." இன்னொரு சொட்டு. இன்னொரு கடி.

"நான் ஒண்ணு சொல்ல வந்தேன். வேண்டாம்டா. பயமா இருந்தா சொல்லிடு. உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன், நிஜமா."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று அவன் வெடுக்கென்று சொன்னான். ஒரு சொட்டை எடுத்துக் கடைவாயில் வைத்தான். மழை கூரையில் அடித்தது. டக். கை திருகுக்குப் போயிற்று.

பாகை மேசையில் கொட்டித் திரட்டி இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த சட்டிக்குச் சர்க்கரை அளந்தான். அக்காவின் கண் அவன் முகத்தைவிட்டு அகலவில்லை. கிழிசலைத் தேடித் துணியை வெளிச்சத்தில் பிடிக்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"டேய், வாயில என்ன?"

"எங்க?"

"உன் வாயில. மென்னுட்டு இருக்கியே."

"ஒண்ணுமில்லியே."

"ஆ காட்டு."

சின்ன வயசில் பலப்பம் தின்கிற பழக்கம் அவனுக்கு. அப்போது இப்படித்தான் தாடையைப் பிடித்து நிறுத்தி 'ஆ காட்டு' என்பாள். அவன் அப்போதுபோலவே வாயைத் திறந்தான். நாக்கின்மேல் தேன் நிறத்தில் ஒரு சில்லு கிடந்தது.

"அது பதம்க்கா."

"பதம்னா?"

"பாகு பதம் பாத்தது. சாப்பிடல."

"அப்புறம் துப்புவியா?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். எங்கே துப்புவான் என்று தானே தேடுகிறவன்போலச் சுற்றிப் பார்த்தான். மேசை, உருளை, அடுப்பு, தண்ணீர்க் கிண்ணம். துப்புவதற்கு ஓர் இடம் அந்தப் பட்டறையில் இருந்ததே இல்லை. அதற்குள் சில்லு கரைந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"அவரு கடிச்சாத்தான்மா சரக்கு ஒட்டாம நிக்கும்" என்று காகிதம் சுற்றும் மேசையிலிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு கிண்ணம் கொடுங்க" என்றாள் அக்கா.

அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் சாயங்காலம்வரை அந்த டின்னைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடித்ததையெல்லாம் விழுங்காமல் அதில் போடவேண்டும். அவனால் முடியவில்லை. கை, பல், தொண்டை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியமாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும். "டேய்!" என்று அக்கா கத்துவாள். தொண்டைக்குப் போகும் வழியில் இருந்ததை எடுத்துக் கிண்ணத்தில் போடுவான். காகிதம் சுற்றுகிற பெண்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. அவன் கை உயர்ந்தாலே அவர்களும் சேர்ந்து "டேய்!" என்றார்கள்.

ஒரு தடவை அக்கா கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அடுப்பு அணைஞ்சிருக்கு. பாகக் கொட்டிட்டே. இப்ப எந்தப் பதத்தப் பாத்தே?"

கம்பியில் ஒட்டிக் காய்ந்திருந்ததைப் பெயர்த்து வாயில் போட்டிருந்தான். மழைக்காலத்தில் அடிக்கடி பதம் பார்க்கவேண்டும் என்பது சரி. ஆனால் டீயில் சர்க்கரை நின்று, பன் நின்று, பொரித்தது நின்ற பிறகு, பசி தனக்கு ஒரு கொல்லைக் கதவு கண்டுபிடித்து அதன் வழியே போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. பதம் என்கிற பெயர் இருந்ததால் அவன் கண்ணில் அது படவே இல்லை. பட்டினி கிடந்த நாட்களில் கை எத்தனை தடவை கம்பிக்குப் போயிற்றோ, யாருக்குத் தெரியும்.

கிண்ணம் நிரம்பிக் குவிந்திருந்தது. அவன் விழுங்கிவிட்டது போக மிச்சம். அதுவும் பாதி நாள் சரக்கு.

அக்கா அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முட்டியது. "பாவி, உன் பல்லால நான் செத்திருப்பேன்டா" என்றாள். மஞ்சள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குடையை எடுத்து ஊன்றி எழுந்து நின்றாள்.

"வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். அத திருப்பி எடுத்துக்கறேன். எனக்கு வேணும். கொடு."

சாப்பாட்டு டாக்டர் கிண்ணத்தை வாங்கிக் கையில் எடை பார்த்தாள்.

"மிட்டாய் சாப்பிடுவீங்களான்னு கேட்டேனே?"

"மிட்டாய் சாப்பிடலம்மா. இது மிட்டாய் ஆகறதுக்கு முன்னாடி."

அவளுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "தப்பு என்னோடதும்தான். வாய்க்குள்ள என்ன போகுதுன்னு கேட்டேனே தவிர, கை என்ன பண்ணுதுன்னு கேக்கல" என்றாள். பிறகு விளக்கினாள். சர்க்கரை வயிற்றுக்குள் போனதும் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை உடம்பெல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். அடுத்த பாதியைப் பெரும்பாலும் ஈரல்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும். அங்கே அது சுலபமாகக் கொழுப்பாக மாறும். ஒரேயடியாகத் தின்பதைவிட, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தால் ஈரலுக்கு ஓய்வே இல்லை. இவன் தட்டில் இருந்ததைக் குறைத்து, குடோனின் பின்வாசலில் வண்டியை நிறுத்தி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் மனைவி இஸ்திரிக் கடைத் துணியில் ஒன்றை மடித்து அவன் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி அனுப்பினாள். "தண்ணி குடிக்க மட்டும் அவுங்க" என்றாள்.

துணி கட்டிய வாயோடு அவன் சட்டியின் முன்னால் நின்றபோது, கண்ணைக் கட்டி நடுத்தெருவில் விட்டமாதிரி இருந்தது. வெப்பமானியின்மேல் இருந்த துண்டை எடுத்தான். அது காட்டிய சூட்டில் இறக்கினான். மழைக்காற்றில் அந்தச் சட்டிச் சரக்கு முழுவதும் மதியத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகிவிட்டது. அடுத்த சட்டியில் பயந்து நேரம் கூட்டினான், கசந்துபோயிற்று. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கை துணியை அவிழ்க்கப் போனது.

"அவுத்தேன்னா உங்க அக்காவுக்குப் போன் போடுவேன்" என்றாள் முதலாளியம்மா. "சரக்கு போனா நாளைக்குக் காய்ச்சிக்கலாம். ஈரல் காய்ச்ச முடியுமா?"

அவன் எழுந்தான். மூன்றாவது சட்டியில் சொட்டை எடுத்துக் காதருகே வைத்து விரல்களால் முறித்துப் பார்த்தான். பதம் வராத சொட்டு சத்தமில்லாமல் வளைந்தது. கொஞ்சம் பொறுத்து எடுத்தது மொத்தென்று மழுங்கலாக உடைந்தது. அதற்கும் அடுத்தது 'டிக்' என்றது. மெல்லிய, சுத்தமான சத்தம். இத்தனை வருஷமாகப் பல் கேட்டுக்கொண்டிருந்ததும் இதே சத்தத்தைத்தான். எலும்பு வழியாக உள்ளே போனதால் அவன் அதைக் கடி என்று நினைத்துக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்தான். அந்தச் சட்டிச் சரக்கு ஒட்டாமல் நின்றது.

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. துணிக்குள் தாடை வெறுமனே அசைந்துகொண்டே இருந்தது. எதையோ தொலைத்ததுபோல ஒரு பரபரப்பு. எரிந்து விழுந்தான். பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள். அந்தப் பரபரப்பையெல்லாம் காலில் இறக்கினான். வேலை முடிந்ததும் வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் பாலத்தைச் சுற்றி நடந்தான். ஒருநாள் பாலத்தடியில் மாமா காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். கூடவே நடந்தார். ஏற்றத்தில் மூச்சிரைத்து நின்றுவிட்டார்.

"வண்டி சூடாயிடுச்சு" என்றார் தொப்பையைத் தட்டி. "நீ போ. நான் இறக்கத்துல சேந்துக்கறேன்."

"சேந்தே போவோம் மாமா."

"உன்னைப் பத்தி அன்னைக்கு..."

"பேசிக்கிட்டே ஏறணும்னா இன்னும் மூச்சு வாங்கும். ஏறுங்க."

அதன் பிறகு மாமா தினமும் வந்தார்.

மழை விடுவதற்கு முன்பே அக்காவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்துத் தெளியவைத்த டாக்டர், அடுத்த தடவை இப்படித் தெளியவைக்க முடியுமா என்பது சந்தேகம் என்றார். பாகுக்காரனை மறுபடி சோதிக்கச் சொன்னார். இந்தத் தடவையும் இறங்கவில்லை என்றால் அவனை நம்பிக் காத்திருக்க முடியாது.

படம் எடுத்து முடித்து அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். வலது கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கச் சொல்லி, விலாவுக்கு இடையில் ஒரு குழலை வைத்தாள் அங்கே இருந்த பெண். உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டியதுபோல 'டொக்' என்றது.

"இது என்னம்மா பண்ணுது?"

"ஈரலத் தட்டி, சத்தம் எப்படி உள்ள போகுதுன்னு பாக்குது. கொழுப்பு இருந்தா சத்தம் சீக்கிரம் மங்கிடும்."

அவன் கழுத்தைத் திருப்பி அந்த இயந்திரத்தைப் பார்த்தான். 'டொக்.' மறுபடி 'டொக்.' மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். தன் ஈரலை யாரோ காதருகே வைத்து முறித்துப் பார்க்கிறார்கள். திரையில் எழுதியிருப்பது அவனுக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லக்கூடாதாம். டாக்டர்தான் சொல்லவேண்டுமாம்.

டாக்டர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். மனைவி சேலைத் தலைப்பை மடித்து மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா உட்காரவே இல்லை.

"போதும்" என்றார் டாக்டர். "இது போதும். ஏற்பாடு பண்ணிடலாம்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி மட்டும், "அவருக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று மறுபடி கேட்டாள். இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் கேட்டாள். டாக்டர் ஆபத்தை மறைக்காமல், பொறுமையாக எல்லாம் சொன்னார். மாமாவும் காது கொடுத்துக் கேட்டார்.

பாகுக்காரன் அக்காவின் அறைக்குப் போனான். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்வை மட்டும் தெளிவாக இருந்தது. சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காடா?"

"இருக்கு" என்றான் அவன். "ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு. குளிக்கும்போதெல்லாம் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா. கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். திடீரென்று அவள் புருவம் சுருங்கியது.

"டேய், என்ன மெல்லுறே?"

அவனுக்கே தெரியாமல் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா."

"ஆ காட்டு."

அவன் குனிந்து, கடைவாய்வரை தெரிகிறமாதிரி வாயை அகலத் திறந்தான். அக்கா தலையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தாள்.

"சரி, மூடு" என்றாள்.